பல் கிளிப் சிகிச்சை: புதிய கருவிகளால் காலம் குறையுமா?

கேள்வி:
என் மகளின் பற்களைச் சீரமைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று மருத்துவர் கூறினார். கம்பியைத் தானே பிடித்துக்கொள்ளும் பிராக்கெட்டும் (பல்லில் ஒட்டப்படும் சிறு பிடிப்பான்) அதிர்வுக் கருவியும் அதைப் பாதியாக்கிவிடும் என்னும் விளம்பரங்களை நம்பலாமா?

பதில் 1:
நம்ப வேண்டாம். பல் நகர வேண்டுமானால் அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து, மறுபக்கத்தில் புதிய எலும்பு உருவாக வேண்டும். மாதத்திற்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்னும் அந்த வேகத்தை உடலே தீர்மானிக்கிறது. நீங்கள் கேட்ட பிராக்கெட்டையும் அதிர்வுக் கருவியையும் வழக்கமான கிளிப்புடன் ஒப்பிட்ட பெரும்பாலான ஆய்வுகளில் சிகிச்சைக் காலம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அழுத்தத்தை மிகைப்படுத்தினால் பல்லின் வேர் கரையும் அபாயமே கூடும்.

பதில் 2:
உடன்படுகிறேன். ஆயினும் வேகம் வேறு, திறன் வேறு. வாய்க்குள் செலுத்தும் ஸ்கேனர் வந்தபின், பற்களின் அச்சை எடுக்கப் பயன்படும், குமட்டல் வரவழைக்கும் பசை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தாடை எலும்பில் தற்காலிகமாகப் பொருத்தும் சிறு திருகுகளோ, கடைவாய்ப் பல்லை உள்ளழுத்துவது போன்ற கடினமான நகர்வுகளையும் இயலச் செய்துள்ளன. என் கருத்தில் உண்மையான முன்னேற்றம் இதுவே.

பதில் 3:
அலைனரை (கம்பிக்குப் பதிலாகப் பற்கள்மேல் அணியும், கழற்றி மாட்டக்கூடிய ஒளிபுகும் உறை) நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணியாவிட்டாலும், உடைந்த பிராக்கெட்டை உடனே சரிசெய்யாவிட்டாலும் காலம் நீளும். மகளிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.