டிக்கியில் ஆத்தங்குடிக் கல், கீழே வெட்டின ஸ்பிரிங்

காரைக்குடி ஹேட்ச்பேக்:

சஸ்பென்ஷன்ல, அதாவது வண்டியைச் சக்கரத்து மேல தாங்குற ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் சமாசாரத்துல, கை வெச்சுக் கெட்டவங்க கதையைச் சொல்லுங்கன்னு இந்தக் குரூப்புல கேட்டதால நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டி. வாங்கின மூணாம் மாசமே உசரத்தைக் குறைக்கணும்னு ஆசை. வெளியூர்ல ஒரு கடையில "ஒரு சுத்து எடுத்தாப் போதும் தம்பி, ரோட்டோட ஒட்டிக்கிட்டு ஓடும்"னு சொல்லி நாலு ஸ்பிரிங்கையும் கட்டர் போட்டு அறுத்துக் கொடுத்தாங்க. பார்க்க என்னவோ அம்சமாத்தான் இருந்துச்சு. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும் முன்னாடி "டங்"னு ஒரு சத்தம். வெட்டின முனை அதுக்குரிய பள்ளத்துல சரியா உக்காரலைங்கிறது அப்போ எனக்குத் தெரியாது.

ரெண்டு வாரம் கழிச்சு அயித்தை வீட்டு வளவுல பேந்துபோன தரைக்கு ஆத்தங்குடியில கல் எடுக்கப் போனேன். சிமென்ட்டும் மணலும் சேர்ந்த கல்லு, கையில நாலு தூக்கினாலே கனம் தெரியும். நான் எம்பது கல்லை டிக்கியில அடுக்கிட்டேன். திரும்பி வரும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாடி "டொம்". வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தா ஒன்பது கல்லு ரெண்டா கிடக்கு. அயித்தை ஒரு வார்த்தை பேசலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

மறுநாள் எங்க ஊர்ல அம்பாசடர் காலத்துல இருந்து பட்டறை வெச்சிருக்கிற அண்ணன்கிட்ட போனேன். அவர் ஸ்பானரையே தொடலை. டேப்பை எடுத்து நாலு சக்கரத்துலயும் ஹப் (சக்கரத்து மையம்) நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்து நோட்டுல எழுதினார். அதே மாடல்ல கை படாத வண்டி ஒண்ணு பட்டறையில நின்னுச்சு, அதையும் அளந்தார். அது 38 சென்டிமீட்டர். என்னுது முன்னாடி 34, பின்னாடி வலது 33, இடது 31 சொச்சம். பின்னாடி ரெண்டு பக்கமுமே ஒரே கணக்கு இல்லை!

அப்புறம் அவர் சொன்ன பாடத்தை நான் இன்னும் மறக்கலை. "உங்க வளவுல ஊஞ்சல் இருக்குல்ல? சங்கிலி ஆளைத் தாங்குது, ஆடவும் விடுது. நிறுத்தறது யாரு? தரையில தேய்க்கிற உன் கால். ஸ்பிரிங் சங்கிலி, ஷாக்கு உன் கால்." ஷாக்குக்குள்ள ஆயில் சின்ன ஓட்டை வழியா நெருக்கிக்கிட்டுப் போகுது, ஆட்டமெல்லாம் சூடா மாறுது. மோசமான ரோட்டுல ஓட்டிட்டு வந்து ஷாக்கைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், நானே தொட்டுப் பார்த்திருக்கேன். சக்கரம் மேல ஏறும்போது லேசா விடணும், ஸ்பிரிங் திரும்பி விரியும்போது இறுக்கிப் பிடிக்கணுமாம்.

வெட்டினா ஸ்பிரிங் மெத்துன்னு ஆகும்னுதான் நான் நினைச்சிருந்தேன். நேர் எதிர். சுத்து குறையக் குறைய விறைப்பு கூடும். வேலை செய்யற சுத்து ஆறு இருந்து அது அஞ்சாப் போனா விறைப்பு 20 சதவீதம் ஏறிடும். ஸ்பிரிங் விறைப்பு, ஆனா அது அமுங்க இடம் குறைவு, மேல எம்பது கல்லு. பம்ப் ஸ்டாப்பர்ல (ஸ்பிரிங் ரொம்ப அமுங்கினா தடுக்கிற ரப்பர் கட்டை) போய் முட்டாம என்ன செய்யும்? ஷாக்கோ மெத்தான ஸ்பிரிங்குக்குச் செஞ்ச பழைய ஷாக். அதால இந்த ஸ்பிரிங்கைப் பிடிச்சு நிறுத்த முடியலை.

நாலுக்கும் கம்பெனி ஸ்பிரிங்கே வாங்கிப் போட்டேன். வெட்டினதுக்குக் கொடுத்ததைப்போல பல மடங்கு செலவு.

தேவகோட்டை ரோடு:

தம்பி கதை பெரிய கதை. என்னுது அல்ப விஷயம், ஆனா பணம் நிறையப் போச்சு. திருச்சி ரோட்டுல போனா வண்டி இடது பக்கம் இழுக்கும். ஷாக்குன்னு நினைச்சு முன்னாடி ரெண்டும் மாத்தினேன். இழுவை நிக்கலை. லிங்க் ராட் மாத்தினேன், நிக்கலை. கடைசியில காத்து பிடிக்கிற பையன்தான் கண்டுபிடிச்சான்: இடது முன் டயர்ல 24, வலதுல 33. டயரும் ஒரு ஸ்பிரிங்தான்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. இப்போ எதைத் தொடறதுக்கு முன்னாடியும் காலையில டயர் சூடாகறதுக்குள்ள காத்தை அளந்துடறேன்.

இன்னொண்ணு. அலைன்மென்ட் கடையில கொடுக்கிற சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. அதுல டோ, கேம்பர், காஸ்டர்னு மூணு இருக்கும். மேல இருந்து பார்த்தா ரெண்டு சக்கரமும் மூக்கை உள்ள திருப்பியிருக்கா வெளிய திருப்பியிருக்காங்கிறது டோ. முன்னாடி நின்னு பார்த்தா சக்கரம் தலையைச் சாய்ச்சிருக்கிறது கேம்பர். பக்கத்துல நின்னு பார்த்தா சக்கரம் திரும்பற அச்சு சாய்ஞ்சிருக்கிறது காஸ்டர். நம்ம ஊர் சின்ன வண்டிகள் பலதுலயும் திருப்பி வைக்க முடியறது டோ மட்டும்தான். "கேம்பரும் சரி பண்ணிட்டேன் சார்"னு ஒருத்தர் என்கிட்ட தனியாக் காசு வாங்கினார். எந்த போல்ட்டைத் திருப்பினார்னு கேட்டேன். சிரிச்சார். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ்க் கையோட ரப்பர் மூட்டு) தேஞ்சிருந்தா டோ வெச்சும் பிரயோஜனம் இல்லை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் தன்னால திரும்பும்.

பள்ளத்தூர் பேரன்:

வெட்டாமலே கெட்டவன் நான். முன் ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல ரப்பர் பஃபர் மாட்டினேன், உசரம் கிடைக்கும்னு. கிடைச்சுது. பிள்ளையார்பட்டிக்கு ஆயாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன், பின் சீட்டுக் கீழ தூக்குல ரசம். ரோடு நல்ல ரோடுதான், ஆனா வண்டி படகு மாதிரி முங்கி முங்கி எந்திரிக்குது. போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ரசம் கால்மிதியில. "ஓங்க அய்யா அம்பாசடர்ல ஒரு சொட்டு சிந்தாதுடா"ன்னு ஆயா. (அய்யா இருபது கிலோமீட்டர் வேகத்துல ஓட்டியிருப்பாருன்னு நான் வாயைத் திறக்கலை.)

காரணத்தை அப்புறமா காலேஜ் புத்தகத்துல பார்த்தேன். 1930-கள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த மாரிஸ் ஆலி பிடிச்ச சங்கதி. மேட்டுல முன் சக்கரம் முதல்ல ஏறும், பின் சக்கரம் அப்புறம். 40 கிலோமீட்டர் வேகம், சக்கரத்துக்குச் சக்கரம் 2.4 மீட்டர்னா இடைவெளி கிட்டத்தட்ட 0.2 செகண்ட். பின்பக்கம் கொஞ்சம் வேகமா ஆடினாத்தான் தாமதமா ஆரம்பிச்சாலும் முன்பக்கத்தை எட்டிப் பிடிச்சு ரெண்டும் சேர்ந்து அடங்கும். அதனால முன்னாடி மெத்து, பின்னாடி கொஞ்சம் விறைப்பு. நான் பஃபரைப் போட்டு முன்னாடியை விறைப்பாக்கி அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிட்டேன். கழட்டி எறிஞ்சதும் முங்கறது நின்னுடுச்சு.

காரைக்குடி ஹேட்ச்பேக்:

பேரா, ரசத் தூக்கு சோதனை அருமை, அண்ணன்கிட்ட சொல்றேன். தேவகோட்டை அண்ணே, நீங்க சொன்னப்புறம் என் சீட்டைத் தேடி எடுத்தேன், பின்னாடி இடது மட்டும் சிவப்புல இருக்கு. அதை இந்த வாரம் பார்க்கணும்.

உசரம் குறைக்கறதைப் பத்தித் தனியா ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவைப் படிச்சுட்டு இறங்குங்க, ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனி முதல்ல சொன்னதுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்குது. அப்புறம் ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும்னு அண்ணன் கறாரா சொல்லிட்டார்: காத்து மாத்தினா அன்னைக்குக் காத்து மட்டும், அதே ரோடு, அதே வேகம், வந்ததும் நோட்டுல எழுது. நான் கொத்தமங்கலம் போற வழியில ஒரு துண்டு ரோட்டை அதுக்குன்னே வெச்சிருக்கேன். 33-ல இருந்து 31 ஆக்கினதுல குலுக்கல் குறைஞ்சுது, ஆனா ஸ்டியரிங் சோம்பேறியாச்சு. இப்போ 32-ல நிக்குது. அடுத்த வாரம் மீதிக் கல்லு எடுக்க ஆத்தங்குடி போகணும், இந்தத் தடவை முப்பது முப்பதா, மூணு நடை.