புதுப்பிப்பு: சூட்டில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாத கார்புரேட்டர் கார், சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வெயிலில் நன்றாக ஓடிவரும் என் பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கார், அணைத்து 15 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் கிளம்பாது, பெட்ரோல் வாடை மட்டும் தூக்கும் என்று கேட்டிருந்தேன்.

சூட்டில் பெட்ரோல் பைப்பில் ஆவி உண்டாகி அடைக்கிறது என்று நினைத்து, முதலில் அதை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து தள்ளி வைத்து வெப்பத்தடுப்பு உறையும் போட்டேன். பலனில்லை. 'ஏர் கிளீனரைக் கழற்றி உள்ளே பாருங்கள்' என்று ஒருவர் சொன்னதுதான் கண்ணைத் திறந்தது: இன்ஜினை அணைத்த சில நிமிடத்தில் கார்புரேட்டரின் மிதவை அறையில் (பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு கிண்ணம்) பெட்ரோல் கொதித்து உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வராமல் இல்லை, அதிகமாகப் போய்த்தான் இன்ஜின் நனைந்திருக்கிறது.

அதனால் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்) நடுவே சூட்டை எளிதில் கடத்தாத 8 மி.மீ. பேக்கலைட் ஸ்பேசர் (இடைத்தகடு), இரு பக்கமும் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட், அடியில் சூட்டைத் தடுக்க அலுமினியத் தகடு போட்டேன். மூன்று வாரமாக ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை.

எதிர்பாராதது, ஸ்பேசர் வந்ததும் கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் பழைய ஸ்டட் (மரை போட்ட கம்பி) நீளம் போதவில்லை, ஆக்சிலரேட்டர் கம்பியையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. கார்புரேட்டர் உயர்ந்துவிடுவதால் பானெட் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வழியில் இப்படி நின்றுவிட்டால் ஆக்சிலரேட்டரை அடித்து அடித்து மிதிக்காமல், முழுசாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள், கிளம்பிவிடும்.