பரணில் பலகை போட்டதும் கிளாஸ் வுல் அமுங்குகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். கூரைக்குக் கீழே உள்ள பரணில் சாமான் வைக்க இடம் செய்யப் போய் மாட்டிக்கொண்டேன்.

மரச்சட்டங்கள் 100 மி.மீ. உயரம், 38 மி.மீ. அகலம், 600 மி.மீ. இடைவெளி. சட்டங்களுக்கு நடுவே 100 மி.மீ. கிளாஸ் வுல் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு), அதன்மேல் குறுக்காக 170 மி.மீ. ஆக மொத்தம் 270. மூன்று மாதம் முன்பு இதன்மேலேயே 18 மி.மீ. பிளைவுட்டை அழுத்தி வைத்துத் திருகினேன். குளிர் வந்ததும் கீழே படுக்கையறை சில்லிட ஆரம்பித்தது. போன வாரம் ஒரு பலகையைத் தூக்கினால் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர், ஓரத்தில் கருப்புப் புள்ளிகள். கூரை ஒழுகவில்லை, அதைப் பார்த்துவிட்டேன். பஞ்சு அமுங்கினால் உள்ளே தங்கும் காற்று குறையும், வெப்பத் தடுப்பும் குறையும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

பலகையை உயர்த்தச் சட்டங்களின் மேல் 75 மி.மீ. ரீப்பர் (மரக்கட்டை) அடித்துப் பார்த்தேன், 170 மி.மீ. பஞ்சு அதற்குள் அடங்கவில்லை. மேல் அடுக்கை எடுத்துவிடச் சொன்னார் தச்சர். எனக்கு மனம் வரவில்லை. கூரை ஓரத்தில் காற்றுப்பாதையை அடைத்திருந்த பஞ்சை மட்டும் 50 மி.மீ. விலக்கிவிட்டேன், ஈரம் கொஞ்சம் குறைந்தது.

வைக்கப்போவது துணிப்பெட்டிகளும் பழைய புத்தகங்களும்தான். ஆனால் இது முக்கோணச் சட்டக் கூரை, கீழ்ச்சட்டங்கள் அதிக பாரத்துக்குச் செய்தவை அல்ல.

பஞ்சுக்கு மேல் 50 மி.மீ. காற்று இடைவெளியும் விட்டுப் பலகையை உயர்த்த, சட்டத்தில் திருகும் பிளாஸ்டிக் கால்கள் போதுமா, குறுக்கு மரச்சட்டம்தான் போட வேண்டுமா?