மதிய மாத்திரை மட்டும் ஏன் பலிப்பதில்லை?

கரிசல்காடு:
அப்பாவுக்கு 71 வயது. கைநடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. லெவோடோபா மாத்திரை மூன்று வேளை. காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் விழுங்கினால், ஏழேகாலுக்குச் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொள்கிறார். மதியம்தான் தகராறு. சாம்பார் சாதம், தயிர், அவித்த முட்டை சாப்பிட்டுக் கையோடு மாத்திரையையும் போடுகிறார். மூன்று மணி ஆனாலும் மோர் டம்ளர் உதட்டுக்குப் போகும் முன் பாதி வேட்டியில் கொட்டுகிறது. மலச்சிக்கலோ கைநடுக்கத்துக்கும் மூத்தது. நான் கல்லூரியில் படித்த நாளிலேயே இரவானால் அவருக்கு வாழைப்பழமும் இசப்கோலும்தான். நரம்பு நோய்க்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? "வயதாகிவிட்டது" என்ற பதிலைத் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

ஓய்வுபெற்ற செவிலி:
சம்பந்தம் நிறையவே உண்டு, தம்பி. குடல் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் கொண்ட தனி வலையே இருக்கிறது. இந்த நோயில் மூளையில் சேரும் அதே ஆல்பா சைனூக்ளின் புரதக் கட்டிகள் இங்கும் சேர்கின்றன. உணவைத் தள்ளும் அலை தளர்ந்துபோகிறது. இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதைப் பற்றி எழுதியபோதே மலச்சிக்கலைக் குறிப்பிட்டிருக்கிறார். நோய் குடலில் தொடங்கி குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறலாம் என்று ஜெர்மனியின் மூளை ஆய்வாளர் ஹைகோ பிராக் 2003இல் சொன்னார். எல்லா நோயாளிக்கும் அது பொருந்தாது என்பாரும் உண்டு. ஆனால் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் வருவது நான் வார்டில் திரும்பத் திரும்பக் கேட்ட கதை.

இனி மாத்திரை. லெவோடோபா உடம்பில் சேருவது சிறுகுடலின் மேற்பகுதியில். இரைப்பை மெதுவாகக் காலியானால் மாத்திரை அங்கேயே கிடக்கும். காலியானாலும் பருப்பு, தயிர், முட்டையின் அமினோ அமிலங்கள் அதே வாசலில் முண்டியடிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகக் கொடுக்கலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், ஆள் மெலிந்துபோவார்.

தாமரைக்குளம்:
ஓர் எச்சரிக்கை. என் மனைவிக்கும் இதே நோய். வாந்தி என்று போன இடத்தில் மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டுவிட்டார்கள். லெவோடோபா மூளையில் டோபமைனாக மாறித்தான் வேலை செய்கிறது; இந்த ஊசியோ மூளையிலும் அந்த டோபமைனைத் தடுக்கும் மருந்து. மறுநாள் காலை வரை அவளால் கட்டிலில் புரண்டு படுக்க முடியவில்லை. எங்கே போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள்.

கரிசல்காடு:
மருத்துவர் சரி என்றார். பத்து நாளாகப் பன்னிரண்டு மணிக்கு மாத்திரை, பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு, முட்டை இரவுக்கு. நேற்று மோர் சிந்தவில்லை. மலச்சிக்கல் மட்டும் அசையவில்லை. இசப்கோலுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்றால், "ராத்திரி நாலு தடவை எழுப்பிவிட நீ வருவாயா?" என்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலி:
அதை ஏன் படுக்கும் நேரத்தில் கொடுக்கிறீர்கள்? சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுங்கள், மாத்திரையோடு சேர்க்காமல்.