லயத்துக்கு நம்பர் இல்லை சேர்

மஸ்கெலியாக்காரி:
அக்காவுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். வாட்ஸ்அப்பில் தினமும் பார்க்கிறேன், கையில் தூக்கத்தான் விசா வேண்டும். இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். மற்றதை விடுங்கள், எல்லாருக்கும் தெரிந்த கூத்துதான். விசா அதிகாரியின் பேனா விலாசத்தில் நின்றுவிட்டது. "வீட்டு இலக்கம் எங்கே? இது ஏதோ கம்பெனி விலாசம் மாதிரி இருக்கிறதே?"

தோட்டம், டிவிஷன், தபாலகம். நமக்கு இருப்பது அவ்வளவுதானே? கடிதம் தோட்ட ஒபிஸுக்கு வரும், யாராவது கொண்டுவந்து தருவார்கள். "லயத்துக்கு நம்பர் இல்லை சேர்" என்றேன். "லயம் என்றால்?" என்றார். தோட்டத்து வரிசை வீடுதான், பிறந்ததிலிருந்து இருக்கிற இடம், ஆனால் வாயில் வார்த்தை வரவில்லை. பத்து நாளில் ரிஜெக்ட். கட்டிய காசும் போச்சு.

பண்டாரவளை பேரன்:
உங்களுக்கு நம்பர்தான் இல்லை. எங்கள் அப்பாயிக்கு நாடே இருக்கவில்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாடற்ற நம் தோட்டத்து ஆட்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்களே, அதில் அப்பாயியின் தங்கை குடும்பம் இந்தியாவுக்கு மனுப் போட்டு 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. அப்பாயிக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 2003 சட்டத்துக்குப் பிறகுதான்.

போன வருஷம் பேஸ்புக்கில் தேடி, கோத்தகிரியில் இருக்கிற அந்தத் தங்கையை, என் சின்ன அப்பாயியைப் பிடித்தேன். வீடியோவில் முகத்தைப் பார்த்ததும் சுகம்கூட விசாரிக்கவில்லை. "பீலியில் இன்னும் தண்ணி வருதாடா?" என்றார். லயத்து ஆட்கள் தண்ணி பிடிக்கிற குழாய்தான் பீலி. போனைப் பீலிக்கரைக்கே கொண்டுபோய்ப் பிடித்தேன்.

ஹட்டன் மாமா:
தம்பி, மீதி 1,50,000 பேரை விட்டுவிட்டீர். அவர்களை 1974இல்தான் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். சரி, அது கிடக்கட்டும். தங்கச்சி, அழுது என்ன பயன்? அடுத்த முறை கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுங்கள். தோட்ட மனேஜரிடமும் கடிதம் வாங்குங்கள். வங்கிக் கணக்கில் ஆறு மாதம் காசு ஓடியிருக்க வேண்டும், கடைசி வாரம் கடன் வாங்கிப் போட்டால் உடனே பிடித்துவிடுவார்கள். வேலைக் கடிதத்தில் லீவு எத்தனை நாள், திரும்ப என்றைக்கு வேலைக்கு வருவீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அக்காவின் அழைப்புக் கடிதத்தில் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சியும் சேரட்டும். கேள்வி கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். எனக்கும் இரண்டு தடவை ரிஜெக்ட்தான், அது வேறு கதை.

மஸ்கெலியாக்காரி:
மாமா, கிராம சேவகர் சான்றிதழ் கொடுத்தேனே! அதிலும் அதே விலாசம்தான். அதைத்தான் அந்த ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பண்டாரவளைத் தம்பி, சின்ன அப்பாயிக்குச் சத்தம் கேட்டதா?

பண்டாரவளை பேரன்:
கேட்டது அக்கா. "முந்தி மாதிரி இல்லை, தண்ணி குறைஞ்சிருச்சு" என்றார்.