லேத் பட்டறையைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வியாசர்பாடியில் 11 வருடமாக என் பெயரிலேயே லேத் பட்டறை நடத்துகிறேன். காசிமேடு விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. ஆறு பேர் என்னை நம்பி இருக்கிறார்கள்.

மணலியில் ஒரு ஆலையின் ஆர்டர் வரும்போல் இருக்கிறது. கம்பெனியாக இருந்தால் நல்லது என்கிறார்கள். ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. தனி உரிமையாளர் என்றால் சட்டப்படி தொழிலும் நானும் ஒன்று. கடன் முற்றினால் அப்பா கட்டிய வீடு வரைக்கும் வரும். கம்பெனியில் போட்ட பங்குப் பணத்தோடு பொறுப்பு நின்றுவிடும். சரி, ஆனால் பேங்க் கடனுக்கு இயக்குநரிடம் சொந்த ஜாமீன் கேட்பார்களே? அப்போது வீட்டுக்கு என்ன பாதுகாப்பு?

பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர் வேண்டும், மனைவி சம்மதித்துவிட்டாள். 2013 கம்பெனிச் சட்டத்தில் ஒருநபர் கம்பெனிக்கும் வழி இருக்கிறது. எதுவானாலும் லாபம் வராத வருடத்திலும் தணிக்கை கட்டாயம். அந்தச் செலவு எங்கள் அளவுக்குத் தாங்குமா என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பான், ஜிஎஸ்டி எண் இரண்டும் புதிதாக வாங்க வேண்டும். மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (பொருள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியில் இன்னும் கழிக்காமல் இருப்பது) ஐடிசி-02 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் கம்பெனிக்கு மாற்றலாம் என்று தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் கடனை எப்படி மாற்றினீர்கள்? அப்புறம், சிறு பட்டறைக்கு வருடத்துக்கு ஆடிட்டர் செலவு எவ்வளவு ஆகிறது? வடசென்னையில் மாற்றியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். நேரில் வந்தும் கேட்டுக்கொள்கிறேன்.