தலைப்பில் இனத்தின் பெயர்: பிரிட்டனில் இருக்கும் சட்டம் போதுமா?

நல்லூரான் (லண்டன்):
2009 ஏப்ரலில் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் 23 நாள் உண்ணாவிரதம் இருந்த தமிழர் பரமேஸ்வரனை இங்கே பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஒக்டோபரில் டெய்லி மெயில் பத்திரிகை, அவர் ஒளித்து பர்கர் சாப்பிட்டதைப் பொலிசார் கண்காணிப்பில் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியது. காவலுக்கு ஆன 70 லட்சம் பவுண்ட் செலவையும் ‘பிக் மாக்’ பர்கரையும் முடிச்சுப் போட்டுத் தலைப்பு வைத்தார்கள். சன் பத்திரிகையும் அதே கதையைப் போட்டது. அப்படி ஒரு கண்காணிப்பே நடக்கவில்லை. 2010 ஜூலையில் இரண்டு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண்ட் இழப்பீடு கொடுத்தன. இடையில் நம் ஆட்களே அவரை ஒதுக்கி வைத்தார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம், நான் வேலை செய்த இடத்தில் ஒருவர் என் மேசையில் பர்கர் சுற்றிய தாளை வைத்துவிட்டு, “உங்கள் ஆட்களுக்குப் பசிக்குமே” என்றார். அவர்மேல் நான் முறைப்பாடு செய்திருக்கலாம், வேலையிடத்தில் இனவாதத்துக்கு எதிராகச் சட்டம் இருந்தது. ஆனால் அந்த வாய்க்கு வார்த்தை கொடுத்த பத்திரிகையை நான் எதுவும் கேட்க முடியாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வேலை, பள்ளி, கடை, சேவை எல்லாவற்றையும் தொடுகிறது. பத்திரிகை என்ன எழுதுகிறது என்பதைத் தொடுவதில்லை. இது மாற வேண்டும்.

கரிகாலன்:
அண்ணா, உங்களுக்கு நடந்தது கொடுமை. ஆனால் பரமேஸ்வரன் வென்றாரே, அதுவே இருக்கும் சட்டம் வேலை செய்ததற்குச் சாட்சி. 2015 நவம்பரில் ‘ஐந்தில் ஒரு பிரிட்டிஷ் முஸ்லிமுக்கு ஜிஹாதிகள்மீது அனுதாபம்’ என்று சன் முதல் பக்கத்தில் போட்டது. கருத்துக்கணிப்பில் கேட்ட கேள்வியோ சிரியாவுக்குப் போய்ப் போராளிகளுடன் சேரும் இளைஞர்களைப் பற்றியது. பத்திரிகைகளின் ஒழுங்கு அமைப்பான இப்ஸோ 2016 மார்ச்சில் அது பெரிதும் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்புச் சொல்லி, அதை அச்சிடவும் வைத்தது. பொய் என்றால் பிடிக்க வழி இருக்கிறது.

பேச்சைத் தண்டிக்கும் சட்டம் கேட்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இன வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில், 1967இல் 12 மாதம் சிறைக்குப் போனவர் மைக்கேல் எக்ஸ் என்ற கறுப்பினப் போராளி. யாரைக் காப்பாற்றச் சட்டம் வந்ததோ அவர்கள் தரப்பிலேயே அது பாய்ந்தது.

மல்லிகா:
கரிகாலன், நீங்கள் காட்டிய சன் தீர்ப்பு, இப்ஸோ பின்பற்றும் நெறிமுறையில் செய்தி துல்லியமாக இருக்க வேண்டும் என்கிற 1ஆம் விதியில் வந்தது. பாகுபாடு பற்றிய விதி 12ஆவது. அதன்படி, ‘ஒரு தனிநபரின்’ இனம், நிறம், மதம் முதலியவற்றை இழிவாகக் குறிப்பிடக் கூடாது. ஒரு கூட்டத்தையே இழிவாக எழுதினால் அந்த விதிக்குள் வராது. 2015 ஏப்ரலில் பத்தி எழுத்தாளர் கேட்டி ஹாப்கின்ஸ் சன்னில் கடல் கடந்து வரும் மக்களைக் கரப்பான்பூச்சிகளோடு ஒப்பிட்டு எழுதினார். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்கு முன் துட்சி மக்களுக்கு வானொலியும் பத்திரிகையும் வைத்த பெயரும் அதுதான், அவற்றை நடத்தியவர்களுக்கு 2003இல் சர்வதேச நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஹாப்கின்ஸ் எழுதியதை ஐ.நா. மனித உரிமை ஆணையரே கண்டித்தார். இப்ஸோ பாகுபாட்டுப் புகாரை ஏற்கவில்லை, காரணம் குறிப்பிட்ட தனிநபர் யாரும் இல்லை. கரப்பான்பூச்சி என்பதில் சரிபார்க்க என்ன எண் இருக்கிறது? 1ஆம் விதி அங்கே எப்படி உதவும்?

மேசைக்காரன் (மதுரை):
நான் 11 வருடம் செய்தி மேசையில் இருந்தவன், தலைப்பு வைத்ததில் என் கையும் உண்டு. போலீஸ் குறிப்பில் கைதானவரின் ஊர், நாடு எல்லாம் இருக்கும். தலைப்புக்கு இடம் நாலு சொல்தான். அந்த நாலில் ஒன்றாக இனம் போய் உட்காருவது, அது கண்ணை இழுப்பதால். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்தால் செய்தி குறைகிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும், பெரும்பாலும் குறையாது. பெரும்பான்மை ஆள் திருடினால் வெறும் ‘வாலிபர் கைது’ என்றுதானே போடுகிறோம்?

அப்புறம், திருத்தம். 2003 ஜூலையில் அகதிகள் அரசியின் அன்னப்பறவைகளைச் சுட்டுத் தின்கிறார்கள் என்று சன் முதல் பக்கத்தில் போட்டது, ஆதாரம் எதுவும் இல்லை. விளக்கம் டிசம்பரில் உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. அதைப் படித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்!

கரிகாலன்:
மேசைக்காரன் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அது மேசையில் வர வேண்டிய பழக்கம், கோர்ட் தர முடியாது. இந்தியாவைப் பாருங்கள். மேகாலயாவில் பழங்குடியினர் அல்லாதோர் தாக்கப்பட்டதைக் கண்டித்து 2020இல் முகநூலில் எழுதிய ஷில்லாங் டைம்ஸ் ஆசிரியர் பட்ரீசியா முகீம்மீதே பகைமை வளர்த்ததாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அப்போதைய 153ஏ பிரிவில் வழக்குப் போட்டார்கள். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அவர் அலைந்தார். எனக்குப் பயம் இதுதான்.

நல்லூரான்:
தம்பி, சிறை வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? இன வெறுப்பைத் தூண்டுவதற்கு 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, வழக்குத் தொடுக்க அட்டர்னி ஜெனரலின் அனுமதி வேண்டும். அது அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது இரண்டு. ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி எழுதினால் அந்தக் கூட்டத்தவர் முறைப்பாடு செய்யும் உரிமை ஒன்று. தலைப்பு வந்த பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வருவது இன்னொன்று. துல்லியம் பற்றி இப்போதே அமைப்புகள் முறைப்பாடு செய்கின்றன. அந்தக் கதவைப் பாகுபாட்டுக்கும் திறக்கச் சொல்கிறேன்.

கரிகாலன்:
திருத்தத்தின் அளவு பற்றி உங்களோடு நிற்கிறேன். கூட்டம் என்று எழுதினால் சிக்கல் வருமே. 12ஆம் விதியில் மதமும் இருக்கிறது. ஒரு மதத்தை விமர்சித்தாலே புகார் வரும்.

மல்லிகா:
அப்படியென்றால் ‘தனிநபரின்’ என்ற சொல்லுக்குப் பின் ‘அல்லது ஓர் இனக்குழுவின்’ என்று மட்டும் சேர்க்கலாம். மதம் தனிநபரோடு நிற்கட்டும்.

கரிகாலன்:
அங்கேயும் இடிக்கிறது. சீக்கியர் ஓர் இனக்குழு என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983இல் தீர்ப்புச் சொன்னது, யூதர்களும் அப்படியே. முஸ்லிம்கள் அதற்குள் வரமாட்டார்கள். இன்றைக்கு இந்தப் பத்திரிகைகளில் அதிகம் அடிபடுவது அவர்கள். உங்கள் வாசகம் அவர்களை வெளியே நிறுத்திவிடும்.

மல்லிகா:
நியாயமான கேள்வி. மதத்தின் கொள்கையைத் திட்டுவதற்கும் அதைச் சேர்ந்த மனிதர்களைத் திட்டுவதற்கும் இடையில் கோடு போட்டு எழுத முடியுமா என்று பார்க்கிறேன். நாளைக்கு வாசகத்தோடு வருகிறேன்.